பாடம் செய்ய முடியாத மீன்



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். புலி, தேவாங்கு, இருவாட்சி என்று ஒவ்வொரு கண்ணாடிப் பேழையாகப் பார்த்துக்கொண்டே மீன்கள் வைக்கப்பட்டிருந்த மூலைக்கு வந்து சேர்ந்தோம். மாணவர்களுள் ஒருவனின் தந்தை வார இறுதிகளில் தூண்டில் போடுபவர். அவன் பேழையருகே குனிந்து, கீழே மலாய்மொழியில் எழுதியிருந்த குறிப்புகளைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டான்:

“ஐயா, மத்த மீனெல்லாம் நெஜ மீனுன்னு போட்டிருக்கு. கெலி மீனை மட்டும் ஏன் பொம்மையா செஞ்சி வெச்சிருக்காங்க?”

நல்ல கேள்வி. பேருந்து காத்திருந்ததால் அவனுக்கு அங்கே பாதி விடைதான் கூற முடிந்தது. மீதி விடையை அடுத்த வாரம் வகுப்பில் கூறினேன். கூறக் கூற, அது ஒரு மீனின் கதையாக மட்டும் நிற்காமல் வரலாற்றுப் பாடமாகவும் விரிந்தது. அதனையே இங்கே ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பாடம் என்னும் சொல்

இறந்த விலங்கின் தோலை உரித்து, கெடாமல் பதப்படுத்தி, உயிருள்ளது போன்ற தோற்றத்தில் நிறுத்தி வைக்கும் கலையைத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்பர். வேட்டைக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கிய புலித்தலையும் மான்கொம்பும் இவ்வாறு பாடம் செய்யப்பட்டவையே. நாம் வகுப்பறையில் நடத்துவதும் பாடம், இதுவும் பாடம். கெட்டுப்போகக் கூடிய ஒன்றை அடுத்தவருக்காகக் காத்து வைப்பது என்னும் பொருளில் இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

விலங்குக்கு மயிர் உண்டு. பறவைக்கு இறகு உண்டு. தோல் சற்றே சுருங்கினாலும் தையல் சற்றே கோணினாலும் அவை மறைத்துக்கொள்ளும். மீனுக்கு அத்தகைய போர்வை இல்லை. ஆகவே, பாடம் செய்யும் கலைஞர்கள் மீனைக் கடினமான பணியாகவே கருதிவந்துள்ளனர்.

காகிதத்தில் ஒட்டிய மீன்

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வாழ்ந்த யோகான் பிரெடெரிக் குரோனோவியஸ் என்பார் ஒரு மருத்துவர், தாவரவியல் அறிஞருங்கூட. மீன்தோலை உலர்த்திக் காக்கும் அவருடைய முறை 1742ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அம்முறை மிக எளியது. மீனை நீளவாக்கில் இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பக்கத்துத் தோலைத் துடுப்புகளோடு சேர்த்து எடுத்து, சதையை நீக்கி, பலகையில் விரித்து உலர்த்த வேண்டும். பின்னர், இலையையும் பூவையும் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாப்பது போல அந்தத் தோலையும் ஒட்டிவிட வேண்டும். ஒரு மீன், ஒரு தாள்.

உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் வைத்திருந்த மீன்களும் பெரும்பாலும் இவ்வாறு உலர்த்தப்பட்ட தோல்களே. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அத்தோல்கள் இன்றும் இலண்டன் லின்னேயக் கழகத்தில் உள்ளன. விலங்குகளுக்குப் பெயர் சூட்டுவதில் தொடக்கப்புள்ளியாக உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும் அவரது நூற்பதிப்பு 1758இல் வெளிவந்தது. நாம் சந்தையில் காணும் கெலி மீனின் இனமொன்றும் அந்நூலில் பெயர் பெற்றுள்ளது.

ஆயினும், தாளில் ஒட்டும் முறை கெண்டையைப் போல் பக்கவாட்டில் தட்டையான மீனுக்கே பொருந்தும். கெளிற்றின் தலையோ மேலிருந்து அழுத்தியது போல் அகன்றிருக்கும். அதனைப் பாதியாகப் பிளந்து தாளில் ஒட்டினால் அதன் முகமே தெரியாது. கெளிறு கலைஞனுக்குக் கொடுக்கும் தொல்லை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு

இனி வரும் பகுதி தமிழராகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

பெர்லின் நகரில் மார்க்குஸ் எலீசர் புளோக் (1723–1799) என்னும் மருத்துவர் வாழ்ந்தார். நடுவயதைக் கடந்த பிறகே அவர் மீனியலில் இறங்கினார். 1782 முதல் 1795 வரை 432 வண்ணப்படங்களோடு பன்னிரண்டு தொகுதிகளாக மீன்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உலகெங்கிலுமிருந்து சுமார் 1,400 மீன்களைத் திரட்டினார். உலர்ந்த தோல்களாகவும் சாராயத்தில் இட்டவையாகவும் அவற்றுள் பல நூறு இன்றும் பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகின்றன.

அவற்றுள் ஒரு பகுதி சோழநாட்டுக் கடற்கரையான தரங்கம்பாடியிலிருந்து சென்றது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அப்போது தரங்கம்பாடி டென்மார்க்கு நாட்டாரின் ஆட்சியில் இருந்தது. 1771ஆம் ஆண்டில் அங்கு வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் செருமானியச் சமயப் பணியாளர், 1813இல் மறையும் வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். அவர்தாம் புளோக்கிற்கு மீன்களை அனுப்பிவைத்தவர். அவர் ஓர் ஆசிரியரும் ஆவார். பதினைந்து தமிழ்ப்பள்ளிகளையும் ஐந்து ஆங்கிலப் பள்ளிகளையும் இலவசமாக நடத்திய பட்டறிவை அவர் எழுத, அது 1813இல் இலண்டனில் நூலாக வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப்பள்ளியையும் அறிவியலையும் ஒருசேரக் கவனித்த அவரை நம் ஆசிரியர் சமூகம் நினைவிற்கொள்ளலாம். அவருக்கு நன்றி பாராட்டும் வகையில் புளோக் ஒரு மீன் குடும்பத்து இனத்திற்கு ‘ஜானியஸ்’ என்று பெயரிட்டார்.

அந்த ஜானியஸ் இனத்தைச் சேர்ந்த மீன் ஒன்றிற்கு 1793இல் புளோக் இட்ட முழுப்பெயர் ‘ஜானியஸ் கருத்தா’. ‘கருத்தா’ என்பது இலத்தீனமும் அன்று, கிரேக்கமும் அன்று. நம்முடைய ‘கறுத்த’ என்னும் சொல்லே. கரையோர மக்கள் ‘கறுத்த கத்தாளை’ என்று அழைத்ததை ஜான் எழுதி அனுப்பினார். பெர்லின் மருத்துவர் அதனை அப்படியே அறிவியற்பெயராக்கிவிட்டார்.

கெளிறுகளும் சென்றன. 1794இல் புளோக் விவரித்த மீன்களுள் தரங்கம்பாடியைச் சேர்ந்த கெளிறுகள் இரண்டு உள்ளன. ஒன்று, உடலில் நெடுங்கோடுகள் ஓடும் சிறு கெளிறு. மற்றொன்று, நாம் தேளி என்று அழைப்பது. அதன் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சுண்டு. குத்தினால் தேள் கொட்டியது போல் கடுக்கும். தமிழ்ப்பெயரே எச்சரிக்கையாக அமைந்துவிட்டது! புளோக் அதற்குச் சூட்டிய ‘பொசிலிஸ்’ என்னும் பெயருக்குத் ‘தோண்டி எடுக்கப்படுவது’ என்று பொருள். சேற்றுக்குள் புதைந்து வாழும் அதன் இயல்பை அப்பெயர் குறிக்கிறது.

இந்த மீன்கள் பாய்மரக் கப்பலில் பல மாதங்கள் பயணம் செய்தன. பெர்லினுக்குச் சென்றடைந்தபோது அவற்றின் உயிர்நிறம் எப்படி எஞ்சியிருக்கும்? ஓவியர்கள் சாயம் போன உடலைப் பார்த்தே வண்ணம் தீட்ட வேண்டியிருந்தது. நூறாண்டுக் காலம் மீனியல் பட்ட பாடு இதுவே: உருவம் வந்து சேர்ந்தது, நிறம் வழியிலேயே தங்கிவிட்டது.

நஞ்சில் தோய்ந்த சவர்க்காரம்

அக்காலத்தில் பாடம் செய்தவற்றுக்குப் பெரும்பகை பூச்சிகளே. பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் பெக்கூர் (1718–1777) இதற்கு ஒரு வழி கண்டார். ஆர்செனிக் என்னும் வெள்ளைப் பாடாணத்தைச் சூடம், சுண்ணாம்பு முதலியவற்றோடு சவர்க்காரத்தில் கலந்து தோலின் உட்புறத்தில் பூசினார். தம் வாழ்நாளில் அதன் பக்குவத்தை அவர் எவருக்கும் கூறவில்லை. 1800ஆம் ஆண்டில் அது அச்சேறியது. பிறகு உலகெங்கும் பரவியது. அருங்காட்சியகங்களில் இன்றும் நூறாண்டு பழைய பறவைகள் சிதையாமல் நிற்பதற்கு அந்த நஞ்சும் ஒரு காரணமாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பள்ளிகளின் அறிவியல் அறைகளில் எப்போதோ, யாரோ நன்கொடையாகத் தந்த பாடம் செய்யப்பட்ட பறவையோ விலங்கோ இருக்கக் கூடும். அதனை மாணவர் கையில் கொடுக்காதீர்கள். துணியால் தட்டித் தூசு பறக்கச் செய்யாதீர்கள். கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுங்கள். இப்போது கலைஞர்கள் ஆர்செனிக்கிற்கு மாற்றாகப் பெரும்பாலும் வெண்காரத்தையே பயன்படுத்துகின்றனர்.

கெளிறு ஏன் அடங்குவதில்லை?

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்தறியவில்லை. கையைச் சுட்டுக்கொண்டும் அறிந்தேன். ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில், அறிவியல் பாடத்திற்குப் பயிற்றுத்துணைப் பொருள் ஒன்றை நாங்களே செய்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. நண்பர்கள் இலைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தேர்ந்தெடுத்தனர். எனக்கோ பெரிதாக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்னும் ஆசை. சந்தைக்குச் சென்று முழங்கை நீளக் கெலி மீன் ஒன்றை வாங்கி வந்தேன்.

முறை எனக்குத் தெரிந்திருந்தது. முதலில் மீனைத் தாளின்மேல் கிடத்தி அதன் புறவடிவத்தை வரைந்து, நீளத்தையும் சுற்றளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரை நோக்கி இருக்கப்போகும் பக்கத்தில் கீறித் தோலை உரிக்க வேண்டும். துடுப்புகளை வெளியே விட்டு, அவற்றின் அடிமுள்ளை உள்ளிருந்து நறுக்க வேண்டும். சதையையும் கொழுப்பையும் சுரண்டிவிட்டு, வெண்காரம் தடவி, மரத்திலோ நுரைப்பஞ்சிலோ செதுக்கிய உடல்மேல் தோலைப் போர்த்தித் தைக்க வேண்டும். துடுப்புகளை அட்டைகளுக்கிடையே விரித்துக் குத்தி, வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். இறுதியில் வண்ணம் தீட்ட வேண்டும்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது என்ன நடந்தது?

முதல் இடர், வழுவழுப்பு. செதிலில்லாத கெளிற்றின் உடலில் கோழை மிகுதி. படிகாரத்தாலும் உப்பாலும் தேய்த்துத் தேய்த்துத்தான் அதனைப் போக்க முடிந்தது.

இரண்டாவது, முள். கெளிறு தன் மார்புத் துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். இறந்த பிறகும் அப்பூட்டு எளிதில் இளகாது. என் கட்டைவிரலில் அதன் தழும்பு இன்றும் உண்டு.

மூன்றாவது, தோல். செதிலுள்ள மீனில் சுருக்கமும் தையலும் செதில் வரிசையில் மறைந்துவிடும். கெளிற்றில் ஒவ்வொரு சுருக்கமும் வெளியே தெரியும். தோல் உலர உலர இறுகி, நான் செதுக்கிய மரவுடலின் மேடுபள்ளங்களையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொடுத்தது.

நான்காவது, தலை. இதுவே எல்லாவற்றிலும் பெரிய இடர். கெளிற்றின் மண்டை ஓட்டோடு தோல் ஒட்டிக்கிடக்கும். அதனை உரித்தெடுக்க இயலாது. ஆகவே, தலையை அப்படியே விட்டு, உள்ளிருந்து சதையைத் தோண்டியெடுக்க வேண்டும். கெலி மீன் காற்றையும் உட்கொண்டு மூச்சுவிடும் உயிரினம். வாளியில் சிறிதளவு தண்ணீரிலும் அது நெடுநேரம் உயிரோடிருப்பதை நாம் சந்தையில் காண்கிறோமல்லவா? அதற்காக அதன் செவுள்களுக்கு மேலே ஓர் அறையும் அவ்வறைக்குள் சிறு மரக்கிளை போன்ற உறுப்பும் உள்ளன. அதையும் அகற்றிவிட்டால் தலைக்குள் வெற்றிடமே மிஞ்சும். உலர்ந்ததும் கன்னமும் தொண்டையும் உள்வாங்கி, பட்டினி கிடந்த கிழவரின் முகமாகிவிட்டது என் மீன்.

ஐந்தாவது, மீசை. கெலி மீனுக்கு நான்கு இணை மீசைகள். எட்டும் காய்ந்து நூலாகி, ஒவ்வொன்றாக ஒடிந்து விழுந்தன.

ஆறாவது, கொழுப்பு. எவ்வளவு சுரண்டினாலும் எஞ்சிய எண்ணெய், நாளடைவில் தோலின் வழியே கசிந்து மேலே பூசிய வண்ணத்தைக் கெடுத்துவிடும். நம் நாட்டு ஈரப்பதம் அதற்குத் துணை நின்றது. மூன்றாவது வாரத்தில் விடுதி முழுவதும் நாற்றம். விடுதிக் காப்பாளரின் ஆணைப்படி என் படைப்பு கொல்லைப்புறத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. நானும் இலைகளைச் சேகரிக்கக் கிளம்பினேன்.

தோலுக்கு மாற்றாக அச்சு

என் தோல்வியை ஓர் ஆறுதலோடு நினைத்துக்கொள்கிறேன். கைதேர்ந்தவர்களும் இதே சுவரில் முட்டிக்கொண்டு வேறு வழி தேடினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தூண்டில்காரர் பிடித்த பெரிய மீனைப் பாடம் செய்து, முன்புறம் வளைந்த கண்ணாடிப் பேழையில் வைப்பது பெருமைக்குரிய வழக்கமாக இருந்தது. இலண்டனில் ஜான் கூப்பர் என்பவரின் தொழிலகம் அதற்குப் பெயர்பெற்று விளங்கியது. மீனின் எடை, பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைக் கண்ணாடியிலேயே பொன்னெழுத்தில் பொறிப்பர்.

அதே காலத்தில் பிராங்க் பக்லண்ட் (1826–1880) என்பார் தோலை உரிப்பதையே விட்டுவிட்டார். மீனின்மேல் சாந்து ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் வார்த்த உருவத்திற்கு வண்ணம் தீட்டினார். இலண்டன் தென் கென்சிங்டனில் மீன்வளர்ப்பைப் பற்றிய கண்காட்சி ஒன்றையும் இவ்வாறு வார்த்த மீன்களோடு அமைத்தார். வார்த்த மீன் சுருங்காது, எண்ணெய் கசியாது, நாறாது. மீசையைக் கம்பியால் செய்து பொருத்திக்கொள்ளலாம். இன்று சாந்துக்கு மாற்றாகக் கண்ணாடியிழை பயன்படுகிறது. தூண்டில்காரர் மீனை அளந்து, படம் எடுத்துக்கொண்டு உயிரோடு ஆற்றில் விட்டுவிடலாம். அந்த அளவைக் கொண்டே உருவம் செய்துவிடுகின்றனர்.

ஆய்வாளர்களோ இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. 1893இல் பார்மலினின் பதப்படுத்தும் ஆற்றல் கண்டறியப்பட்ட பிறகு, மீனை அதில் ஊறவைத்து, பின்னர் சாராயக் குப்பியில் இட்டு வைப்பதே ஆய்வுக்கூட வழக்கமாயிற்று. நிறம் அங்கும் போய்விடும். ஆனால் எலும்பும் உள்ளுறுப்பும் எஞ்சும். ஆக, மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்: கெளிறு அருங்காட்சியகத்தில் பொம்மையாக நிற்பது கலைஞனின் சோம்பலால் அன்று. உண்மைத் தோலைப் போர்த்தினால் அது பொய்த் தோற்றம் தரும். பொம்மையோ உண்மைத் தோற்றம் தரும்.

எஞ்சியது எது?

வகுப்பில் இவ்வளவையும் கூறி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “தரங்கம்பாடியில மீனைப் பிடிச்சவங்க பேரு என்னங்க ஐயா?”

இங்கிலாந்துத் தூண்டில்காரரின் பெயர் பொன்னெழுத்தில் உள்ளது. மீனை அனுப்பிய ஜானின் பெயர் ஓர் இனத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. வலை வீசிப் பிடித்து, இது இன்ன மீன் என்று கூறிக் கொடுத்த தமிழ் மீனவரின் பெயர் அம்மீனின் பெயரில் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ‘கறுத்த’ என்னும் சொல் இருக்கிறது. தோலின் நிறம் போய்விட்டது. அந்நிறத்தைக் கூறிய தமிழ்ச்சொல் போகவில்லை.

பின்னாளில் சென்னை மாநிலத்தில் படை மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட தம் இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் மீன்களின் தமிழ்ப்பெயர்களையும் குறித்துவைத்தார். அவரும் மீனவரிடம் கேட்டே எழுதியிருப்பார்.

இப்பழக்கம் நம் மண்ணிலும் தொடர்கிறது. தீபகற்ப மலேசியாவின் கரிமண் சதுப்பு நீரில் வாழும் கெளிறு ஒன்றிற்கு 1993ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பெயரிட்டனர். அப்பெயர் ‘கெலியோய்டிஸ்’, கெலி போன்றது என்று பொருள். 1793இல் தமிழ்ச்சொல் ஒன்று. சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து மலாய்ச்சொல் ஒன்று. சந்தையிலும் படகிலும் புழங்கும் சொற்கள் இவ்வாறு அறிவியலில் நிலைபெற்றுவிட்டன.

நம் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். நம் பிள்ளைகளுக்குக் கெலி தெரியும், செம்பிலாங் தெரியும், தெங்கிரி தெரியும். மலாய்மொழி நம் நாட்டு மொழி. அப்பெயர்களை அறிந்திருப்பது நன்றே. ஆனால் கெளிறு, தேளி, வாளை, வரால் என்னும் பெயர்களைக் கூறினால் வகுப்பில் ஒரு கையும் உயர்வதில்லை. சங்கப்பாடல்களில் துள்ளும் வாளை நம் பாடநூல் வரியில் தோலாக ஒட்டிக்கிடக்கிறது. நன்னீர் வாளையும் கெளிற்றினத்தைச் சேர்ந்த மீசைக்கார மீன்தான் என்பதை நான் கூறியபோது மாணவர்கள் வியந்தனர். அவர்களுடைய பாட்டிமாருக்கு அது தெரிந்திருக்கும்.

ஆகவே, அந்த வாரம் நாங்கள் ஒரு சிறு முயற்சி செய்தோம். உயிருள்ள கெலி மீன் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வகுப்பின் நடுவில் வைத்தேன். மாணவர்கள் அதனைப் பார்த்துப் பார்த்து வரைந்து வண்ணம் தீட்டினர். ‘கறுப்பு’ என்று நினைத்துத் தொடங்கியவர்கள் அதில் பச்சையும் செம்பழுப்பும் சாம்பலும் இருக்கக் கண்டனர். படத்தின் அடியில் நான்கு செய்திகளை எழுதச் சொன்னேன்: மீனின் தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர், பிடித்த இடம், பிடித்தவர் பெயர். தமிழ்ப்பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. சிலர் கெளிறு என்றும் சிலர் கெளுத்தி என்றும் எழுதி வந்தனர். இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். மீனைப் பிடித்துத் தந்த மாணவனின் தந்தை பெயர் முப்பது படங்களிலும் இடம்பெற்றது. மாலையில் மீன் மீண்டும் ஆற்றுக்கே சென்றது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மீனைக் காட்டி, உங்களுக்குத் தெரிந்த தமிழ்ப்பெயரைக் கூறுங்கள். தெரியாவிட்டால் வீட்டிலுள்ள முதியவர்களைக் கேளுங்கள். மீனைப் பாடம் செய்வது நம்மால் இயலாமற்போகலாம். பெயரைப் பாடம் செய்வது நம் கையில்தான் உள்ளது.